கையெழுத்துக்குப் பிறகுதான் ஊசி

“காலையில என்ன சாப்பிட்டீங்க சார்?”

“ஒண்ணும் சாப்பிடல டாக்டர்.”

“தண்ணி?”

“அதுவும் இல்ல.” மனசு கேட்காமல் கொஞ்சம் கழித்து, “காபி மட்டும்தான்” என்றேன்.

மயக்க மருந்து டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டார். எத்தனை மணிக்கு என்றார். ஐந்தரைக்கு என்றேன். பால் காபியா என்றார். கும்பகோணத்துக்காரனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது! அப்போது மணி ஒன்பது. “பால் வயித்துக்குள்ள போனா தயிராத் திரிஞ்சிடும் சார். எங்க கணக்குல அது டிபன் மாதிரிதான். ஆறு மணி நேரம் ஆகணும்” என்றார். பதினோரு மணிக்கு அவருக்கு வேறு ஆஸ்பத்திரியில் கேஸ். அவ்வளவுதான், என் ஞானப்பல்லை எடுப்பது அடுத்த புதன்கிழமைக்குத் தள்ளிப்போனது. நாற்பது கிலோமீட்டர் காரில் தஞ்சாவூர் வந்து, ஒரு நாள் வேலையையும் கெடுத்துக்கொண்டு திரும்பிப் போனோம். வழி முழுக்க என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை.

இத்தனைக்கும் எல்லாம் சீட்டில் எழுதித்தான் கொடுத்திருந்தார்கள். ஆறு மணி நேரம் முன்பிருந்து சாப்பாடு கூடாது, இரண்டு மணி நேரம் முன்புவரை தண்ணீர் குடிக்கலாம் என்று. தண்ணீர் குடிக்கலாம் என்றால் காபியும் குடிக்கலாம் என்று நானே அர்த்தம் செய்துகொண்டேன். மருந்தின் பிடியில் இருக்கும்போது வயிற்றில் கிடப்பது மேலே ஏறி வந்தால், இருமித் துப்புகிற சுரணை மட்டாக இருக்குமாம். அது நுரையீரலுக்குள் போய்விட்டால் பெரிய வம்பு. காபியை மறைத்திருந்தால் அன்றைக்கே பல்லை எடுத்திருப்பார்கள். நல்லவேளை, வாய் உளறிவிட்டது.

நான் பத்திரம் எழுதுகிறவன். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். நான்கு எல்லையும் பிசகாமல் எழுதத் தெரிந்த எனக்கு, பல் டாக்டர் நாற்காலி என்றால் உள்ளங்கை வேர்த்துவிடும். பன்னிரண்டு வயதில் வந்த பயம் அது. ஒரு கிளினிக்கில் ஊசி போட்டார்கள். மரத்துப் போவதற்குள் குறடு வைத்து இழுத்துவிட்டார்கள். தாத்தா என் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். “ஆம்பளப் பிள்ளை அழலாமா” என்றார் அந்த டாக்டர். அந்த வாக்கியமும் அந்த அறையின் டெட்டால் வாசனையும் முப்பது வருஷம் கூடவே வந்தன.

அதனால் கீழ்த்தாடையில் வலது பக்கத்து ஞானப்பல் தொல்லை கொடுக்க ஆரம்பித்தபோது, கிராம்புத் தைலத்திலும் மெடிக்கல் ஷாப் மாத்திரையிலும் இரண்டு வருஷம் ஓட்டினேன். பாதி முளைத்த பல். மேலே குல்லா மாதிரி ஈறு மூடியிருக்கும், அதற்கடியில் சோற்றுப் பருக்கை போய்ச் சிக்கும், வீங்கும், மாத்திரை போட்டால் வற்றும். மூன்றாம் முறை வீங்கியபோது வாய்க்குள் ஒரு விரல்தான் நுழைந்தது. இட்லியைக் கரைத்துக் குடித்தேன். அதற்கப்புறம்தான் போனேன்.

தாடை முழுவதையும் ஒரே படமாக எடுக்கிற ஓபிஜி எக்ஸ்ரேயில் பார்த்தால், வலது ஞானப்பல் தனக்கு முன்னால் இருக்கிற பல்லின் மேல் சாய்ந்துகொண்டு அதையும் சொத்தையாக்க ஆரம்பித்திருந்தது. இடது பக்கமும் அதே சாய்மானம்தான், இன்னும் வம்பு செய்ய ஆரம்பிக்கவில்லை. எலும்பைக் கொஞ்சம் அரைத்து, பல்லை இரண்டாக வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. அவர் சொல்லச் சொல்ல எனக்குக் காது அடைத்தது. பிரஷர் பார்த்தார்கள்: 164/102. நாடித் துடிப்பு 118. இரண்டு நாள் கழித்து எங்கள் தெரு டாக்டரிடம் பார்த்தபோது 130/84. பிரஷர் எனக்கு இல்லை, அந்த நாற்காலிக்குத்தான் இருக்கிறது.

டாக்டரம்மா அதைச் சிரித்துத் தள்ளிவிடவில்லை. தமிழில் அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்தார். ஐந்தே கேள்வி. நாளைக்குப் பல் சிகிச்சை என்றால் எப்படி இருக்கும், காத்திருக்கும் அறையில் உட்கார்ந்தால் எப்படி, பல்லை டிரில் செய்யப் போகிறார்கள் என்றால், சுத்தம் செய்யப் போகிறார்கள் என்றால், ஈறில் ஊசி போடப் போகிறார்கள் என்றால். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்துவரை மதிப்பெண். பல் மருத்துவ உலகில் பல மொழிகளில் புழங்குகிற அளவுகோலாம், 19ஐத் தொட்டாலோ தாண்டினாலோ கடும் பயம். நான் 23 எடுத்தேன். வாழ்க்கையில் நான் வாங்கிய மிக நல்ல மார்க் அதுதான் என்று மச்சான் இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறான். ஆனால் ஒன்று, பயத்தைத் தாளில் எழுதிக் கொடுத்த பிறகு அதை வாயால் சொல்ல வேண்டிய கூச்சம் போய்விட்டது. உங்கள் டாக்டர் இப்படித் தாள் கொடுக்காவிட்டால், “எனக்குப் பயம் ஜாஸ்தி, சின்ன வயசுல இப்படி ஆச்சு” என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். எந்த மருந்து என்று முடிவு செய்வதே அதை வைத்துத்தான்.

இங்கே ஒரு சொல் தகராறு இருக்கிறது. ஈறில் போடுகிற ஊசியும் மயக்க ஊசி, நரம்பில் ஏற்றுவதும் மயக்க ஊசி, பெரிய ஆபரேஷனுக்குக் கொடுப்பதும் மயக்கம். தலை சுற்றினாலும் மயக்கம், சினிமாப் பாட்டில் காதலும் மயக்கம். பத்திரத்தில் இப்படி ஒரே சொல்லை நாலு அர்த்தத்தில் எழுதினால் கோர்ட்டில் தோற்றுப்போவோம். மயக்க மருந்து டாக்டரிடம் நேராகவே கேட்டேன். அவர் சொன்னது: “மரத்துப் போற ஊசி வாய்க்கு. செடேஷன் மனசுக்கு. ஜெனரல் அனஸ்தீசியா ஆள் மொத்தத்துக்கும்.” செடேஷனில் கூப்பிட்டால் கண் திறப்போம், வாயைத் திற என்றால் திறப்போம், மூச்சை நாமே விடுவோம். பயம் மட்டும் இறங்கிவிடும். வலியை அது எடுக்காது. அதற்கு ஈறில் போடுகிற ஊசி தனியாக உண்டு. பலரும் ஏமாந்துபோவது இந்த இடத்தில்தான். “செடேஷன் வெச்சும் ஊசி போட்டாங்களே” என்று பக்கத்துக் கட்டில்காரர் புலம்பிக்கொண்டிருந்தார்.

எனக்கு எடுத்துச் சொன்ன வழிகள் நான்கு. முந்தின இரவும் ஒரு மணி நேரம் முன்பும் போட்டுக்கொள்கிற மாத்திரை. எளிது, ஆனால் யாருக்கு எவ்வளவு ஏறும் என்று கணிப்பது கடினம். மூக்கில் வைத்து இழுக்கிற வாயு. கை நரம்பில் ஏற்றுகிற மிடாசோலம் என்ற செடேஷன் மருந்து. கடைசியாக, தியேட்டரில் முழு மயக்கம். என் 23 மார்க்கைப் பார்த்து மிடாசோலம் என்று முடிவானது. மயக்க மருந்து டாக்டருக்கான கட்டணம் பல் எடுக்கிற கட்டணத்தைவிட அதிகம். அவர் வெளியிலிருந்து வருகிறவர், பில் தனி. இரண்டையும் முன்னாலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

முன்பரிசோதனையில் அவர் கேட்ட கேள்விகள் எனக்கு விநோதமாகப் பட்டன. குறட்டை விடுவாரா என்று என்னைக் கேட்கவில்லை, என் மனைவியைக் கேட்டார். “தெருவே கேக்கும்” என்றாள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருமா, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுவாரா என்று அதன் பிறகு அவளிடமே குறுக்கு விசாரணை. கழுத்தை டேப் வைத்து அளந்தார். தூக்கத்தில் மூச்சு அடைக்கிறவர்களுக்கு இந்த மருந்து கொடுக்கும்போது கூடுதல் கவனம் தேவையாம். அடுத்து, குடிப்பழக்கம் உண்டா என்றார். மனைவி பக்கத்தில் நிற்கிறாள், மச்சான் வாசலில். “இல்லை” என்றேன். பிறகு பாத்ரூம் போவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து உண்மையைச் சொன்னேன். அவர் முகத்தில் மாற்றமே இல்லை, குறித்துக்கொண்டார். எல்லாருமே இப்படித்தான் திரும்பி வருவார்கள் போல. வெட்கப்படுகிற விஷயம் இருந்தால் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

இன்னொன்றும் கேட்டார்: வீட்டில் தூக்க மாத்திரை ஏதாவது போட்டுவிட்டு வரும் உத்தேசம் உண்டா என்று. உண்டு! என் மாமியாருக்கு வாங்கிய அல்பிரசோலம் பட்டையில் இரண்டு மாத்திரை மீதி இருந்தது, காலையில் ஒன்றைப் போட்டுக்கொண்டு கிளம்பலாம் என்று எடுத்து வைத்திருந்தேன். அதுவும் மிடாசோலமும் ஒரே குடும்பத்து மருந்துகள், ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் மூச்சு மந்தமாகிவிடும் என்றார். வலிப்புக்கு, மனச்சோர்வுக்கு, பூஞ்சைத் தொற்றுக்குச் சாப்பிடுகிற மருந்துகள் உட்பட எல்லாவற்றையும் பட்டையோடு கொண்டுவந்து காட்டச் சொன்னார்.

ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. நான் விடவில்லை. தொழில் புத்தி. வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொன்னேன். கீழ் உதடு, நாக்கில் மரத்துப்போன உணர்வு சில சமயம் நீடிக்கலாம் என்ற வரியில் நிறுத்தி டாக்டரம்மாவிடம் எக்ஸ்ரேயைக் காட்டச் சொன்னேன். பல்லின் வேருக்கு அடியில் நரம்பு ஓடுகிற பாதை இரண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகளாகத் தெரிந்தது. என் வேர் அதைத் தொடவில்லை. சரி என்று பேனாவை எடுத்தேன். “மருந்து ஏத்தறதுக்கு முன்னாடியே போடுங்க. ஏத்தின பிறகு நீங்க போடற கையெழுத்து 24 மணி நேரத்துக்குச் செல்லாது” என்றார் மயக்க மருந்து டாக்டர். உயில் எழுதும்போது “நல்ல நினைவோடும் சுயபுத்தியோடும், யாருடைய தூண்டுதலும் இன்றி” என்று எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன்! ஆபரேஷன் அறை வாசலில்தான் அந்த வரிக்கு எனக்கே தேவை வந்தது.

கடைசியாக நான் கேட்ட கேள்வி இரண்டு. பல் எடுக்கிறவர் பல்லைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது என் மூச்சைப் பார்த்துக்கொண்டிருப்பது யார்? மருந்து கூடிப்போனால் எழுப்ப என்ன இருக்கிறது? முதல் கேள்விக்கு, “நான்தான், வேற வேலையே எனக்கு இல்ல” என்றார். இரண்டாவதற்கு டிராயரைத் திறந்து ஃப்ளூமாசெனில் குப்பியைக் காட்டினார். அது மிடாசோலத்தைவிடச் சீக்கிரம் வேலை ஓய்ந்துவிடும், அதனால் அதைக் கொடுத்தால் கூடுதல் நேரம் படுக்க வைத்துப் பார்ப்போம் என்றும் சொன்னார். இந்த இரண்டு கேள்விக்கும் மழுப்பலாகப் பதில் சொல்கிற இடத்தில் நான் படுத்திருக்க மாட்டேன்.

அடுத்த புதன்கிழமை, காபி இல்லாமல் போய்ப் படுத்தேன். புறங்கையில் மருந்து ஏற்றுகிற வென்ஃப்ளான் ஊசியைக் குத்தியதுதான் அன்றைக்கு எனக்குத் தெரிந்த ஒரே வலி. விரல் நுனியில் கிளிப். பக்கத்தில் தயாராகிக்கொண்டிருந்த பெண்ணிடம் நகப்பூச்சை அழிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், ஆக்ஸிஜன் அளவு சரியாகக் காட்டாதாம். என் அளவு 98. மூக்கடியில் மெல்லிய குழாய். மருந்தை ஒரேயடியாகத் தள்ளவில்லை. ஒரு மில்லிகிராம் கொடுத்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, “கும்பகோணத்துல என்ன குளம் சார் பெருசு?” என்றார். மகாமகக் குளம் என்றேன். எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை மகாமகம் வரும் என்றார்.

பன்னிரண்டு என்று சொன்னேனா என்று தெரியவில்லை. அடுத்து நான் அறிந்தது, சாய்வு நாற்காலியில் பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், மச்சான் எதிரில் போன் பார்த்துக்கொண்டிருக்கிறான். “எப்பப்பா ஆரம்பிப்பாங்க?” என்று சைகையில் கேட்டேன். “முடிஞ்சு முக்கால் மணி நேரம் ஆச்சு அத்தான்” என்றான். நானே நடந்து வந்தேனாம், நர்ஸுக்கு நன்றி சொன்னேனாம். மொத்தம் 4 மில்லிகிராம் கொடுத்ததாகச் சீட்டில் இருந்தது. நடுவில் வாயைத் திற என்ற ஒவ்வொரு தடவையும் ஒழுங்காகத் திறந்தேன் என்று டாக்டரம்மா பாராட்டினார். எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த நேரம் முழுக்க யாரோ பக்கத்தைக் கிழித்தெடுத்த நோட்டு மாதிரி.

ஆபத்து அதற்கப்புறம்தான். காரில் வரும்போது எனக்கு ஒரு போன் வந்திருக்கிறது. கட்சிக்காரர் ஒருவர் மனையின் சர்வே எண் கேட்டிருக்கிறார். பத்து நிமிஷம் பஞ்சுக் குரலில் தெளிவாகப் பேசினேனாம், மச்சானே அசந்துபோனானாம். மறுநாள் போனைப் பார்த்தபோதுதான் பேசியதே தெரிந்தது. அவசரமாகக் கூப்பிட்டு என்ன சொன்னேன் என்று கேட்டால், நான் கொடுத்தது வேறு ஊர் வேறு ஆள் மனையின் எண். நல்லவேளை, அவர் இன்னும் முத்திரைத்தாள் வாங்கவில்லை. வண்டி ஓட்டக் கூடாது, கையெழுத்துப் போடக் கூடாது என்பார்கள், அதோடு போனையும் கூட வருகிறவரிடம் கொடுத்துவிடுங்கள். பார்க்கத் தெளிவாக இருப்போம், பேசுவோம், ஆனால் உள்ளே எதுவும் பதிவாகாது. கூட வருகிறவர் ஆட்டோ ஏற்றிவிட்டுப் போகிறவராக இருந்தால் போதாது, அன்றிரவு வீட்டில் இருக்கிறவராக வேண்டும்.

வீக்கம், தையல் எல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான். இரண்டாம் மூன்றாம் நாள் கன்னம் பூரி மாதிரி ஆனது, ஏழாம் நாள் தையல் பிரித்தார்கள். மரத்த உதட்டோடு சூடாக எதையும் குடிக்கக் கூடாது என்பதைக் காபி விஷயத்தில் இரண்டாம் தடவை கற்றுக்கொள்ளப் போனேன், மனைவி டம்ளரைப் பிடுங்கிவிட்டாள்.

ஒன்பது மாதம் கழித்து இடது பக்கம் வேலையைக் காட்டியது. போன தடவைதான் ஒன்றுமே தெரியவில்லையே, இந்தத் தடவை பயம் இருக்காது என்று நினைத்துப் போனேன். காத்திருக்கும் அறையில் உட்கார்ந்ததும் அதே வேர்வை, அதே 110க்கு மேல் துடிப்பு. எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. பிறகு யோசித்தால் விஷயம் புரிந்தது. என் மூளைக்குத் தெரிந்த கடைசிப் பல் பிடுங்கல் பன்னிரண்டு வயதில் நடந்ததுதான். தஞ்சாவூரில் நடந்தது பதிவாகவே இல்லை. ரசீது இருக்கிறது, சரக்கு வீட்டுக்கு வரவில்லை.

இதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். “அப்ப இந்தத் தடவை ஞாபகம் இருக்கிற மாதிரி செய்வோமா?” என்றார். அவர் செவ்வாய்க்கிழமைகளில் போகிற குழந்தைகள் பல் கிளினிக் ஒன்றில், மூக்கில் வைத்து இழுக்கிற வாயுவான நைட்ரஸ் ஆக்ஸைடு மெஷின் இருந்தது. நாற்பத்து நாலு வயதில், கூரையில் மீன் ஸ்டிக்கர் ஒட்டிய அறையில், ஸ்ட்ராபெரி வாசனை பூசிய மூக்கு மூடியோடு படுத்தேன். எனக்கு முன்னால் இருந்த ஐந்து வயதுப் பையன் அழாமல் எழுந்து போயிருந்தான். மானப் பிரச்சினை.

வாயு என்றால் மூக்கு திறந்திருக்க வேண்டும், சளி பிடித்திருந்தால் நடக்காது. பி12 குறைபாட்டுக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் அதை முன்னாடியே சொல்லிவிட வேண்டும், இந்த வாயு அந்த விட்டமினைச் செயலிழக்கச் செய்யும். கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் தவிர்ப்பார்கள். முதலில் வெறும் ஆக்ஸிஜன், பிறகு வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி 40 சதவீதத்தில் நிறுத்தினார்கள். மெஷினே 70 சதவீதத்துக்கு மேல் போகவிடாதாம். விரல் நுனியில் குறுகுறுப்பு, கால் கனத்தது, பிறகு பக்கத்து அறைப் பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. சிரிப்பு வாயு என்பார்களே, எனக்குச் சிரிப்பு வரவில்லை, யாரோ நெற்றியைத் தடவிக்கொடுக்கிற மாதிரி இருந்தது.

உதடு மரக்கிற வரை டாக்டரம்மா கதை சொன்னார். 1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் இந்த வாயுவை வேடிக்கைக் காட்சியாக நடத்தினார்கள். இழுத்த ஆள் ஒருவர் காலில் அடிபட்டும் வலியை உணராமல் இருந்ததை ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் டாக்டர் கவனித்தார். மறுநாளே தன் பல்லையே கொடுத்துச் சோதித்தார், பிடுங்கியவர் ஜான் ரிக்ஸ். அடுத்த வருஷம் பாஸ்டனில் மருத்துவர்கள் முன்னால் செய்துகாட்டியபோது நோயாளி கத்திவிட்டார், வெல்ஸைக் கேலி செய்து அனுப்பினார்கள். அதற்கும் முன்னே, 1800 வாக்கிலேயே, ஹம்ஃப்ரி டேவி என்ற ஆங்கிலேய விஞ்ஞானி இந்த வாயுவை இழுத்தபோது தன் ஈறு வலி தணிந்ததை எழுதி வைத்திருக்கிறார். அவருக்கு முளைத்துக்கொண்டிருந்ததும் ஞானப்பல்தானாம். எனக்கு அந்த மனுஷன்மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது.

ஒரு ஒப்பந்தம் வைத்தோம்: இடது கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும். இரண்டு முறை தூக்கினேன். இரண்டு முறையும் நிறுத்தினார்கள். முதல் தடவை வலியே இல்லை, நிறுத்துகிறார்களா என்று பார்க்கத்தான் தூக்கினேன், டாக்டரம்மாவுக்கும் அது தெரியும் என்று நினைக்கிறேன். டிரில் சத்தம் கேட்டது. பல்லை இரண்டாகப் பிளந்தபோது தேங்காய் ஓடு தெறிக்கிற மாதிரி மண்டைக்குள் ஒரு சத்தம். அழுத்தம் தெரிந்தது, வலி தெரியவில்லை. கடைசியில் ஐந்து நிமிஷம் ஆக்ஸிஜன் கொடுத்தார்கள், தலை தெளிந்தது. அன்றைக்கும் மச்சானைத்தான் வண்டி ஓட்டச் சொன்னேன், போனும் அவனிடம்தான்.

முதல் தடவை எனக்கு மிடாசோலம் இல்லாமல் நடந்திருக்காது. இரண்டாம் தடவையும் அதையே கேட்டிருந்தால் இந்தப் பயம் அப்படியே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். போன மாதம் மேல்பல் சொத்தை அடைக்கப் போனேன், வெறும் ஊசியோடு. துடிப்பு 92.

இடது ஞானப்பல்லின் இரண்டு துண்டும் ஒரு சின்ன டப்பாவில், என் மேஜையில் ஸ்டாம்ப் பேட் பக்கத்தில் இருக்கிறது. வலது பல் எங்கே என்று மச்சானைக் கேட்டேன். “நர்ஸ் கொண்டாந்து காட்டினாங்க அத்தான். நீங்கதான் கையெடுத்துக் கும்பிட்டு, தூக்கிப் போடுங்கன்னு சொன்னீங்க” என்றான்.